உருண்டையைத் தட்டையாக்கினால் எது கெடும்? ஏரிப் பரப்பில் ஆரம்பித்த இழை

வயல்வரப்பு:

வணக்கம். எங்க ஊர் கரூருக்கும் அரவக்குறிச்சிக்கும் நடுவுல. ஊர் ஏரியோட பரப்பு தேவைப்பட்டுச்சு. செயற்கைக்கோள் படத்தைப் பின்னணியா வச்சு, கரையை ஒட்டிச் சுத்திக் கோடு போட்டு, மென்பொருள்கிட்ட பரப்பு கேட்டேன். ஒரு கட்டளைக்கு 52 ஹெக்டேர்ங்குது. அதே கோட்டுக்கு இன்னொரு கட்டளை 49.8ங்குது. நடுவுல கிடக்கிறது கிட்டத்தட்ட அஞ்சரை ஏக்கர். பாசனக் கூட்டத்துல கொண்டுபோய் வைக்கணும், அதனால சும்மா விட முடியல.

புரொஜெக்‌ஷன் பிரச்சினைன்னு நண்பர் ஒருத்தர் ஒரே வார்த்தையில முடிச்சுட்டார். உருண்டையைத் தாள்ல இறக்கற முறைக்குத்தான் அந்தப் பேராம். எனக்கு ரெண்டு சந்தேகம். எந்த எண்ணை எடுத்துக்கறது? இத்தனை கம்ப்யூட்டர் வந்த பிறகும் பூமியை ஒழுங்கா ஒரு தாள்ல இறக்க வழி கிடைக்கலையா?

சங்கிலிக்காரர்:

தம்பி, 49.8-ஐ எடுங்க. உங்க லேயர் இபிஎஸ்ஜி 3857-ல (ஒவ்வொரு வரைபட முறைக்கும் இப்படி ஒரு எண் உண்டு) இருக்கும்னு நினைக்கிறேன், பின்னணிப் படத்தோட அதுவும் வந்து ஒட்டிக்கும். வெப் மெர்கேட்டர்னு சொல்றது அதைத்தான். அதுல அளக்கிற பரப்பு நிலநடுக்கோட்டை விட்டு விலக விலக ஊதிக்கிட்டே போகும். உங்க வரைபட மென்பொருள் கியூஜிஐஎஸ்ஸா இருந்தா, டாலர் குறி போட்ட ஏரியா கட்டளை ப்ராஜெக்ட்ல குறிச்சிருக்கிற எலிப்சாய்டை (கொஞ்சம் அமுங்கின உருண்டை) வச்சு, அதாவது பூமியோட வளைவை வச்சுக் கணக்குப் போடும். டாலர் போடாத ஏரியா கட்டளை தாள் மேல இருக்கிற சதுர மீட்டரை அப்படியே எண்ணும். ரெண்டும் அதனதன் வேலையைச் சரியாத்தான் செஞ்சிருக்கு.

வயல்வரப்பு:

ஆமா சார், 3857 தான். எவ்ளோ ஊதும்னு கணக்கு இருக்கா? கூட்டத்துல கேப்பாங்க.

கோணமானி:

இருக்கிறது. உருண்டையில் அட்சரேகை வட்டங்கள் துருவத்தை நோக்கிச் சிறுத்துக்கொண்டே போகும். 60 பாகையில் உள்ள வட்டத்தின் நீளம் நிலநடுக்கோட்டில் பாதிதான். மெர்கேட்டர் படத்திலோ எல்லாமே ஒரே நீளக் கோடுகள். ஆக, கிழக்கு மேற்காக ஒவ்வோர் இடமும் சீகண்ட் மடங்கு இழுபடுகிறது (ஒன்றைக் கோசைனால் வகுத்தால் வருவது சீகண்ட்). அத்தோடு விட்டால் ஊர்களெல்லாம் பக்கவாட்டில் அகன்று சப்பையாகிவிடும். அதனால் வடக்கு தெற்காகவும் அதே மடங்கு இழுத்துவிட்டார் மெர்கேட்டர். வடிவம் பிழைத்தது, பரப்பு சீகண்டின் வர்க்கமாக ஏறியது. 60 பாகையில் நான்கு மடங்கு. உங்கள் ஊர் 11 பாகை என்று வைத்தால் 1.038. கன்னியாகுமரியில் 2 சதவீதம் கூடும், சென்னையில் 5-க்குச் சற்று மேல்.

49.8-ஐ 1.038-ஆல் பெருக்கினால் 51.7 வருகிறது. உங்களுக்கு 52. மிச்சம் 0.3 ஹெக்டேர் இடிக்கிறதே?

சங்கிலிக்காரர்:

இடிக்காது. நீங்க பூமியை முழு உருண்டைன்னு வச்சுக் கணக்குப் போட்டிருக்கீங்க. நிலநடுக்கோட்டுல ஒரு பாகை தீர்க்கரேகை 111.32 கிலோமீட்டர். அதே இடத்துல ஒரு பாகை அட்சரேகை 110.57 தான், பூமி துருவப் பக்கம் கொஞ்சம் அமுங்கி இருக்கறதால. வெப் மெர்கேட்டர் இந்த வித்தியாசத்தைப் பார்க்காது. ஜிபிஎஸ் பயன்படுத்தற டபிள்யூஜிஎஸ் 84 எலிப்சாய்டுல எடுத்த அட்ச, தீர்க்கத்தைக் கொண்டுவந்து உருண்டைக்கான சூத்திரத்துல போடும். அதனால நம்ம பக்கம் வடக்கு தெற்கா இன்னும் 0.6 சதவீதம் சேருது. 1.038-ஐ 1.006-ஆல பெருக்கிட்டு, அதை 49.8-ஆல பெருக்குங்க. 52 வந்துடும்.

கோணமானி:

அருமை. அப்படியானால் வெப் மெர்கேட்டர் கோணத்தையும் நூறு சதவீதம் காப்பாற்றவில்லை. உண்மையான மெர்கேட்டருக்கு இருக்கும் ஒரே பெருமை அது. எலிப்சாய்டுக்கு என்று தனிச் சூத்திரம் இருக்கும்போது ஏன் இப்படிச் செய்தார்கள்?

சங்கிலிக்காரர்:

கணக்கு சீக்கிரம் முடியும், வேற பெரிய காரணம் இல்ல. தெருப் படத்துக்கு அந்த 0.6 தெரியாது. அளக்கறதுக்குன்னு வந்தா தெரியும்.

வயல்வரப்பு:

ஏரி விஷயம் முடிஞ்சது, ரெண்டு பேருக்கும் நன்றி. இப்ப ரெண்டாவது கேள்வி. வடிவமும் பரப்பும் தூரமும் எல்லாமே சரியா வர்ற மாதிரி ஒரு படம் முடியவே முடியாதா, இல்ல இன்னும் யாரும் கண்டுபிடிக்கலையா?

இரவுப்பறவை:

ஆரஞ்சுத் தோலை உரிச்சு மேசையில அமுக்கிப் பாருங்க, கிழியும். அவ்ளோதான் விஷயம்.

வயல்வரப்பு:

அது எல்லாரும் சொல்றாங்க பாஸ். தோல் விறைப்பா இருக்கு, கிழியுது. ரப்பர் பந்தா இருந்தா இழுத்துடலாமே? "முடியாது"ங்கறதுக்கு நிரூபணம் இருக்கான்னு கேட்கறேன்.

கோணமானி:

இருக்கிறது, பத்தாம் வகுப்புக் கணக்கு போதும்.

வட துருவத்தில் ஒரு முளை அடித்து, அதில் 10,000 கிலோமீட்டர் கயிற்றைக் கட்டி, இறுக்கிப் பிடித்துக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றுங்கள். கயிறு நிலத்தை ஒட்டிக் கிடக்கும். துருவத்திலிருந்து நிலநடுக்கோட்டுக்குத் தூரம் ஏறக்குறைய 10,000 கிலோமீட்டர், ஆகவே நீங்கள் நடப்பது நிலநடுக்கோட்டின் மேலேயே. சுற்றளவு 40,000. இதே கயிற்றைத் தட்டையான தாளில் சுற்றினால் இரண்டு பை ஆரம், அதாவது 62,800 வரவேண்டும். எல்லாத் தூரமும் சரியாக உள்ள ஒரு படம் இருந்தால், அதில் ஆரமும் சரியாக இருக்கும், சுற்றளவும் சரியாக இருக்கும். தாளில் 10,000 ஆரமுள்ள வட்டத்துக்கு 40,000 சுற்றளவு கிடையாது. எனவே அந்தப் படமும் கிடையாது. ரப்பரை இழுக்கலாம் என்றீர்கள். இழுப்பது என்றாலே தூரத்தை மாற்றுவதுதான்.

வட்டம் சிறிதானாலும் தப்பிக்க முடியாது, அளவுதான் குறையும். 1,000 கிலோமீட்டர் ஆரத்துக்குத் தாளில் 6,283. பூமியில் அதைவிட 26 கிலோமீட்டர் குறைவு. 100 கிலோமீட்டர் ஆரத்துக்கு 628 கிலோமீட்டரில் 26 மீட்டர் மட்டுமே குறைகிறது. ஆரம் பத்தில் ஒன்றானால் இந்தக் குறை ஆயிரத்தில் ஒன்றாகிவிடும்.

உருண்டைக்குப் பிழையற்ற படம் இல்லை என்று ஆய்லர் 1770-களிலேயே நிரூபித்துவிட்டார். 1827-இல் காஸ் அதைவிடப் பெரிதாக ஒன்றைக் காட்டினார்: ஒரு பரப்பின் வளைவை, அந்தப் பரப்பை விட்டு வெளியே வராமல், அதன் மேல் ஊர்ந்து நீளங்களையும் கோணங்களையும் அளந்தே கண்டுபிடித்துவிடலாம். நீளம் மாறாமல் பரப்பை எப்படி மடக்கினாலும் அந்த எண் மாறாது. தாளுக்கு அது சுழியம். உருளையாகச் சுருட்டினாலும் கூம்பாகச் சுருட்டினாலும் சுழியம்தான். உருண்டைக்கு ஆரத்தின் வர்க்கத்தால் ஒன்றை வகுத்தால் வருவது, அது ஒருநாளும் சுழியமாகாது. லத்தீனில் "சிறப்பான தேற்றம்" என்று தானே பெயர் வைத்துக்கொண்டார். வைத்துக்கொள்ளட்டும், தகும். அவர் அந்த ஆண்டுகளில் ஹனோவர் நாட்டின் நில அளவை வேலையை நடத்திக்கொண்டிருந்தவர் என்பதையும் சேர்த்துப் படித்தால் இன்னும் ருசிக்கும்.

சங்கிலிக்காரர்:

100 கிலோமீட்டருக்கு 26 மீட்டர்னு சொன்னீங்க பாருங்க, அதனாலதான் கிராமத்து எஃப்எம்பி ஸ்கெட்ச்ல (ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் போடற புல வரைபடம்) யாரும் புரொஜெக்‌ஷனைப் பத்திப் பேசறதில்ல. ஒரு சர்வே நம்பருக்குள்ள பூமி தட்டை. நூறு கிராமத்து ஸ்கெட்ச்சைப் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒட்டும்போதுதான் ஓரம் சேராது. அதுக்கும் வளைவை விட, அளவுச் சங்கிலியால அளக்கும்போது வர்ற பிழைதான் பெரிய காரணம், அது வேற கதை.

இரவுப்பறவை:

அப்ப தோலைச் சுளை சுளையா வெட்டி விரிச்சா? ஒவ்வொரு சுளையும் சின்னதா இருந்தா பிழையும் சின்னது தானே?

கோணமானி:

ஆமாம், செய்திருக்கிறார்கள். அமெரிக்கப் புவியியலாளர் குட் 1923-இல் வெளியிட்ட படம் அப்படித்தான்: வெட்டெல்லாம் கடலில், கண்டங்கள் பெரும்பாலும் முழுதாக. பரப்பும் சரி. ஆனால் அட்லாண்டிக்கின் நடுவே இருக்கும் கப்பல் எந்தச் சுளையிலிருந்து எந்தச் சுளைக்குத் தாவுவது? பிழையை வெட்டுக்கு அருகில் கொண்டுபோய்க் குவித்திருக்கிறார்கள். வெட்டும் ஒரு பிழைதான், கண்ணுக்குத் தெரியும்படி வைத்திருக்கிறார்கள் என்பதால் நாணயமான பிழை.

நங்கூரம்:

கப்பல்னு சொன்னதும் வந்துட்டேன். நான் டெக் ஆபீசரா இருந்தவன். மெர்கேட்டரைத் திட்டறவங்க யாரும் அதுல கோடு போட்டதில்லைன்னு நினைக்கிறேன்.

கப்பலுக்கு வேண்டியது ஒரே ஒரு விஷயம்: காம்பஸ்ல ஒரு கோணத்தைப் பிடிச்சா, அந்தக் கோணம் மாறாமப் போற பாதை படத்துல நேர்கோடா இருக்கணும். ஸ்கேலை வை, கோட்டைப் போடு, கோணத்தைப் படி, சுக்கான்காரன்கிட்ட சொல்லு. உருண்டை மேல அந்தப் பாதை துருவத்தைச் சுத்திச் சுத்திச் சுருண்டு போற ஒரு வளைகோடு. போர்ச்சுகல்காரர் பெட்ரோ நூனெஸ் அதைப் பத்தி 1537-ல எழுதிட்டார். அதை நேர்கோடா ஆக்கினது 1569-ல மெர்கேட்டர். டூயிஸ்பர்க்ல உக்காந்து 18 தாள்ல அச்சடிச்சார். படத்தோட தலைப்புலயே கடலோடிகளுக்காகத் திருத்தினதுன்னு போட்டிருக்கார்.

அப்புறம், தூரம் தப்பா வரும்னு சொல்றீங்களே, சார்ட்ல தூரம் அளக்கவும் வழி இருக்கு. டிவைடரை விரிச்சு, பக்கவாட்டுல இருக்கிற அட்ச அளவுகோல்ல வைக்கணும், அதுவும் நாம போற இடத்துக்கு நேர் எதிர்ல இருக்கிற பகுதியில. ஒரு நிமிஷம் ஒரு நாட்டிகல் மைல், 1,852 மீட்டர். அளவுகோல் தானும் மேல போகப் போக விரியறதால, படத்தோட ஊதலும் அளவுகோலோட ஊதலும் அடிபட்டுப் போயிடும். மேலயும் கீழயும் இருக்கிற தீர்க்க அளவுகோல்ல டிவைடரை வச்சா சீனியர்கிட்ட வாங்கிக் கட்டிக்கணும்.

வயல்வரப்பு:

நங்கூரம் அண்ணா, அப்ப விமானம் ஏன் வளைஞ்சு வளைஞ்சு போகுது? நேர்கோடு போட்டா கிட்ட இல்லையா?

நங்கூரம்:

கோணம் மாறாத பாதை வேற, குறுக்கு வழி வேற தம்பி. குறுக்கு வழி பெருவட்டம், அதாவது பூமியோட மையத்தைத் தொட்டு வெட்டின வட்டம். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கையும் அலாஸ்காவுல ஆங்கரேஜையும் எடுத்துக்கோங்க. ரெண்டும் 60 பாகை வடக்குக்குப் பக்கத்துல, ஒண்ணுக்கொண்ணு நேர் எதிர்ப்பக்கம். மெர்கேட்டர்ல கோடு போட்டா 60 பாகையை ஒட்டியே பாதி உலகத்தைச் சுத்தும், கிட்டத்தட்ட 10,000 கிலோமீட்டர். நேரா மேல ஏறி துருவத்தைத் தாண்டி இறங்கினா 6,500 தான். மெர்கேட்டர்ல துருவமே கிடையாது, அது முடிவிலியில இருக்கு. அப்ப இந்த வழியை அதுல எங்க வரையறது?

குறுக்கு வழி பார்க்க நோமோனிக்னு தனிப் படம். பூமியோட மையத்துல விளக்கு வச்ச மாதிரி, தொடுற தாள் மேல நிழல். அதுல எந்தப் பெருவட்டமும் நேர்கோடு. அதுல கோடு போட்டு, நடுநடுவுல புள்ளி எடுத்து, அந்தப் புள்ளிகளை மெர்கேட்டருக்கு மாத்தி, புள்ளிக்குப் புள்ளி ஒரே கோணத்துல ஓட்டுவோம். ஒரு படம் யோசிக்க, இன்னொண்ணு ஓட்ட. சென்னையிலிருந்து சிங்கப்பூர் போறதுக்கு இதெல்லாம் தேவையில்ல, நம்ம அட்சத்துல ரெண்டு கோடும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

இரவுப்பறவை:

மெர்கேட்டரும் அப்படித்தானே, நடுவுல விளக்கு வச்சு உருளை மேல நிழல்? எங்க புத்தகத்துல அந்தப் படம்தான் இருந்துச்சு.

கோணமானி:

அந்தப் படம் பல புத்தகங்களில் இருக்கிறது, எல்லாவற்றிலும் தவறு. நடு விளக்கு உருளை நிழலில் உயரம் டேன் கணக்கில் போகும். 80 பாகையில் ஆரத்தைப்போல் 5.67 மடங்கு. மெர்கேட்டரில் அதே இடத்தில் 2.44 மடங்குதான். எந்த விளக்கை எங்கே வைத்தாலும் மெர்கேட்டர் படம் விழாது. அது நிழல் இல்லை, கூட்டல்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மெர்கேட்டரிடம் சூத்திரம் கிடையாது. ஒவ்வொரு சிறு துண்டையும் சீகண்ட் மடங்கு இழுக்கவேண்டும் என்பது விதி; 40 பாகைக் கோட்டை எந்த உயரத்தில் போடுவது என்றால், சுழியிலிருந்து 40 வரை எல்லாத் துண்டுகளின் சீகண்டையும் கூட்டவேண்டும். அவர் ஏதோ கைவேலையாகச் செய்துவிட்டார். இங்கிலாந்தின் எட்வர்ட் ரைட் 1599-இல் உண்மையாகவே உட்கார்ந்து கூட்டினார், பாகையில் அறுபதில் ஒரு பங்காக எடுத்து வைத்து. லாகரிதம் வருவதற்கு முன்பு! நேப்பியர் 1614-இல்தான் அதை வெளியிட்டார்.

1640-களில் ஹென்றி பாண்ட் என்ற கடல்வழிக் கணக்கு ஆசிரியர் ரைட்டின் அட்டவணையையும் லாகரிதம்-டேன் அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டும் ஒன்றுபோல் இருக்கிறதே என்றார். அட்சத்தில் பாதியோடு 45 பாகையைக் கூட்டி, அதன் டேனுக்கு லாகரிதம் எடுத்தால் ரைட்டின் எண் வந்துவிடுகிறது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. ஜேம்ஸ் கிரிகரி 1668-இல் நிரூபித்தார். படித்துப் புரிந்துகொள்ளும்படியான நிரூபணத்தை ஐசக் பாரோ 1670-இல் தந்தார். இன்றைக்கு சீகண்டின் தொகையீடு என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்களே, அது கல்லூரிக்கு வருமுன் கப்பலில் இருந்தது. நியூட்டன், லைப்னிட்ஸ் கால்குலஸ் அச்சேறுவதற்கு முன்பே இவ்வளவும் நடந்துவிட்டது.

கருப்புக்காபி:

எல்லாம் சரி, ஆனா எல்லாரும் மெர்கேட்டருக்கு மாலை போடறதைப் பார்த்தா சிரிப்பு வருது. அந்தப் படத்துல கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஒரே அளவு. உண்மையில கிரீன்லாந்து 21.7 லட்சம் சதுர கிலோமீட்டர், ஆப்பிரிக்கா 3 கோடிக்கு மேல. 14 மடங்கு! இந்தியா 32.9 லட்சம், கிரீன்லாந்தை விட ஒன்றரை மடங்கு பெருசு, படத்துல அதோட மூலையில தொலைஞ்சு கிடக்கு. ஐரோப்பாவைப் பெருசா காட்டத்தான் இந்தப் படத்தைச் சுவர்ல மாட்டினாங்க.

நங்கூரம்:

கடலோடிக்குப் போட்ட படம்னு தலைப்புலயே இருக்குன்னு சொன்னேனே.

கருப்புக்காபி:

படிச்சேன் அண்ணே. மெர்கேட்டரை நான் குத்தம் சொல்லல. மாலுமி சார்ட்டைக் கொண்டுவந்து அஞ்சாம் வகுப்புச் சுவர்ல மாட்டினது மெர்கேட்டர் இல்லையே? அந்தப் பையன் எந்தக் கப்பலை ஓட்டப் போறான்? அவனுக்கு எந்த நாடு எவ்ளோ பெருசுன்னு தெரியணும். அதுக்கு பீட்டர்ஸ் படம் இருக்கு, பரப்பு கச்சிதமா இருக்கும்.

கோணமானி:

முதல் பாதியை அப்படியே ஏற்கிறேன். சுவருக்கு மெர்கேட்டர் தவறான படம், அதை நியாயப்படுத்த எந்தக் கணிதமும் இல்லை.

பீட்டர்ஸ் விஷயத்தில் உடன்பாடில்லை. சமப் பரப்பு உருளைப் படத்தின் அடிப்படை ஆர்க்கிமிடீஸ் கண்டது. உருண்டையை அதே அகலமுள்ள உருளைக்குள் வைத்து, இரண்டையும் கிடையாக இரண்டு இடத்தில் வெட்டினால், நடுவில் மாட்டும் உருண்டைப் பட்டையும் உருளைப் பட்டையும் ஒரே பரப்பு. காரணம் எளிது: கிடையாக வெளியே தள்ளும்போது கிழக்கு மேற்கு சீகண்ட் மடங்கு விரிகிறது, வடக்கு தெற்கு கோசைன் மடங்கு சுருங்குகிறது, பெருக்கினால் ஒன்று. தன் கல்லறையில் உருண்டையும் உருளையும் பொறிக்கவேண்டும் என்று அவர் கேட்டதாகச் சொல்வார்கள். பின்னாளில் சிராக்கூஸில் அந்தக் குறியை வைத்துத்தான் கல்லறையைக் கண்டுபிடித்ததாக சிசரோ எழுதியிருக்கிறார். லாம்பெர்ட் 1772-இல் இதை வரைபடமாக்கினார். ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஜேம்ஸ் கால் 1855-இல் அதையே 45 பாகையில் வடிவம் சரியாக வரும்படி நீட்டினார். ஆர்னோ பீட்டர்ஸ் 1973-இல் பத்திரிகையாளர்களைக் கூட்டிப் புதிது என்று அறிவித்தது கால் போட்ட அதே படம்தான்.

அந்த 45 பாகையைக் கவனியுங்கள். அது பொர்தோ, டுரின், மிலான் பக்கம் போகும் கோடு. பீட்டர்ஸ் படத்தில், வட அரைக்கோளத்தில் வடிவம் சரியாக இருக்கும் இடம் அங்கேதான். நிலநடுக்கோட்டில் எல்லாம் வடக்கு தெற்காக இரண்டு மடங்கு நீண்டுவிடும். நம்முடைய 11 பாகையில் 1.93 மடங்கு. ஐரோப்பாவின் ஆதிக்கத்தை எதிர்த்து வந்த படத்தில் ஐரோப்பா அழகாக இருக்கிறது, காங்கோவும் கேரளமும் தமிழ்நாடும் கயிற்றில் காயப்போட்ட மாதிரி தொங்குகின்றன.

கருப்புக்காபி:

இது எனக்குப் புதுசு. சரி, பீட்டர்ஸ் வேண்டாம். 2018-ல வந்த ஈக்குவல் எர்த்? அதுவும் சமப் பரப்புதான், ஆனா ஓரம் வளைஞ்சு, ஆப்பிரிக்கா நீளாம இருக்கு. 2025-ல ஆப்பிரிக்க ஒன்றியம் மெர்கேட்டரை விட்டுட்டு அதுக்கு மாறணும்ங்கற இயக்கத்துக்கு ஆதரவு கொடுத்துச்சு.

கோணமானி:

சுவருக்கு அது நல்ல தேர்வு, ஒரு வார்த்தை மறுப்பில்லை. தீர்க்கரேகைகள் வளைவதால் ஓரத்தில் அலாஸ்காவும் நியூசிலாந்தும் சாய்ந்து நிற்கும், அந்த விலை கொடுக்கலாம். பரப்பு, வடிவம் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் கெடுத்து நடுவில் நிற்கும் படமும் உண்டு: விங்கெல் 1921-இல் செய்தது, நேஷனல் ஜியாக்ரஃபிக் 1998-இலிருந்து உலகப் படத்துக்குப் பயன்படுத்தியது. எனக்கு அது பிடிக்காது. எதிலும் அளக்க முடியாத படம்.

நங்கூரம்:

பார்க்கறதுக்குத் தானே சார் சுவர்ல மாட்டறது, அளக்கறதுக்கா?

பனையடி:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கட நாடு சின்னது என்றதால் ஒரு வசதி. இலங்கைக்கு என்றே தனியாக ஒரு குறுக்கு மெர்கேட்டர் எறியம் (நீங்கள் புரொஜெக்‌ஷன் என்பது) இருக்கு. உருளையை நிலநடுக்கோட்டில் தொடாமல், பீதுருதாலகால மலை வழியே போகும் தீர்க்கக் கோட்டில், 80 பாகை 46 நிமிடத்துக்குப் பக்கத்தில், படுக்கப் போட்டிருக்கினம். தீவின் இரண்டு கரையும் அந்தக் கோட்டிலிருந்து ஒன்றரைப் பாகைக்குள் வந்துவிடும். உலகத்தை வலயங்களாகப் பிரிக்கும் யூடிஎம் முறையைப் பார்த்தாலும் முழு இலங்கையும் 44-ஆம் வலயத்துக்குள்ளேயே. தமிழ்நாட்டுக்கு அப்படி இல்லை என்று கேள்விப்பட்டேன், உண்மையோ?

சங்கிலிக்காரர்:

உண்மைதான். யூடிஎம்ல உலகத்தை 6 பாகைக்கு ஒண்ணா 60 வலயமா வெட்டியிருக்காங்க. 72-லிருந்து 78 வரை 43, 78-லிருந்து 84 வரை 44. அந்த 78 பாகைக் கோடு நேரா தமிழ்நாட்டு நடுவுல இறங்குது. கோயம்புத்தூர், திருநெல்வேலி 43-ல. சென்னை, திருச்சி, மதுரை 44-ல. திண்டுக்கல் கிட்டத்தட்ட கோட்டு மேலயே. நம்ம வயல்வரப்பு தம்பிக்கு இன்னும் கஷ்டம்: கரூர் 44-ல, அரவக்குறிச்சி 43-ல. ஒரே மாவட்டத்தை ஒரே தாள்ல பார்க்கணும்னா ஏதாவது ஒரு வலயத்தைத் தேர்ந்தெடுத்து மத்த பாதியையும் அதுக்குள்ள இழுத்துக்கணும். இபிஎஸ்ஜி எண் 32643 இல்லன்னா 32644. அதுல ஒண்ணும் குடி முழுகாது, ரெண்டையும் கலந்து வச்சாத்தான் வம்பு.

வலயத்தோட ஓரத்துல பிழை எவ்ளோன்னா, நடுக்கோட்டுல வேணும்னே 0.9996-னு குறைச்சு வச்சிருக்காங்க, கிலோமீட்டருக்கு 40 சென்டிமீட்டர் கம்மி. ஓரம் வரும்போது நம்ம அட்சத்துல கிலோமீட்டருக்கு 92 சென்டிமீட்டர் அதிகமாயிடும். பரப்புல 0.18 சதவீதம். தம்பியோட ஏரிக்கு 23 சென்ட் மாதிரி.

இந்த 78-க்கு இன்னொரு கதையும் இருக்கு. 1802-ல லாம்டன் பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் அடிக்கோடு அளந்து ஆரம்பிச்ச அளவை வேலையில, குமரியிலிருந்து இமயமலை அடிவாரம் வரைக்கும் ஏறக்குறைய 78 பாகையை ஒட்டித்தான் முக்கோணம் முக்கோணமா ஏறினாங்க. அந்த நீளமான வில்லை அளந்துதான், லாம்டனுக்கு அப்புறம் வேலையை நடத்தின ஜார்ஜ் எவரெஸ்ட் 1830-ல பூமிக்கு ஒரு எலிப்சாய்டு கொடுத்தார். நம்ம பழைய டோப்போ ஷீட் எல்லாம் அந்த எலிப்சாய்டு மேல பாலிகோனிக் புரொஜெக்‌ஷன்ல போட்டது. 2005 வரைபடக் கொள்கைக்கு அப்புறம் பொதுமக்களுக்குக் கொடுக்கிற ஷீட் டபிள்யூஜிஎஸ் 84, யூடிஎம். பழைய ஷீட்டை ஸ்கேன் பண்ணி, புது ஜிபிஎஸ் புள்ளியை அது மேல வச்சுட்டு, கிணறு நகர்ந்துபோச்சுன்னு அடிச்சுக்கறவங்களைப் பார்த்திருக்கேன். அங்க கெடுதல் புரொஜெக்‌ஷன்ல இல்ல, அடியில இருக்கிற எலிப்சாய்டும், அதைப் பூமியோட எப்படிப் பொருத்தறதுங்கற டேட்டமும் வேற.

பனையடி:

விளக்கத்துக்கு நன்றி ஐயா. இங்கேயும் பழைய கந்தவளை டேட்டத்தால் அதே கரைச்சல்தான்.

வயல்வரப்பு:

ஒரு கடைசிக் கேள்வி. இணையப் படம் எல்லாம் ஏன் இன்னும் வெப் மெர்கேட்டர்? இவ்ளோ தெரிஞ்சும்?

கோணமானி:

தெரு முனைதான் காரணம். கூகுள் மேப்ஸ் 2005-இல் வந்தபோது முதலில் மெர்கேட்டர் இல்லை. ஸ்டாக்ஹோம் மாதிரி வடக்கில் இருக்கும் ஊர்களில் செங்கோணத்தில் சந்திக்கவேண்டிய தெருக்கள் சாய்வாகச் சந்தித்தன. மெர்கேட்டருக்கு மாறியதும் எந்த ஊரை எவ்வளவு பெரிதாக்கினாலும் முனை முனையாகவே இருக்கிறது. வடக்கு எப்போதும் மேலே. 2018-இலிருந்து கணினியில் முழுதாக வெளியே வந்தால் உருண்டையாகவே காட்டுகிறார்கள், சுவர்ப் பிரச்சினைக்கு அதுவே போதுமான பதில்.

இரவுப்பறவை:

அதுல மேலயும் கீழயும் ஏன் 85 பாகையோட நிக்குது? 85.05-னு ஒரு விநோதமான எண் பார்த்தேன். யாரோ அளந்து வச்சதா?

கோணமானி:

85.0511. யாரும் அளக்கவில்லை. துருவம் முடிவிலியில் இருப்பதால் எங்கேயாவது வெட்டியாகவேண்டும். இணையப் படம் ஓடு பதித்ததுபோல் சிறு சதுரத் துண்டுகளாக வருகிறது; ஓடுகள் ஒவ்வொன்றும் 256 புள்ளிக்கு 256 புள்ளிச் சதுரம், பெரிதாக்கும்போது ஒவ்வொன்றும் நான்காகப் பிரியும். அதற்கு முழு உலகமும் முதலில் ஒரே சதுரமாக இருந்தால் வசதி. படத்தின் அகலம் இரண்டு பை ஆரம். சதுரமாக வேண்டுமென்றால் மேலே ஒரு பை, கீழே ஒரு பை. மெர்கேட்டர் உயரம் பை ஆவது எந்த அட்சத்தில்? ஈ-யை (2.718) பை அடுக்குக்கு உயர்த்துங்கள், 23.14 வரும். அதன் எதிர்-டேன் 87.5256 பாகை. இரண்டால் பெருக்கி 90-ஐக் கழித்துப் பாருங்கள்.